பூவாற்றில் ஒன்றரை மணி நேரம், ஒரு இலைப் பலகாரம்

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பூவாறுக்கு நான் போனது படகு ஏற ஆசைப்பட்டு அல்ல, முந்திரிக்கொத்துக்காக. ஆற்றங்கரையில் ஒரு வீட்டுக்காரர்கள் படகும் ஓட்டி, நம் ஊர்ப் பலகாரமும் இலையில் வைத்துத் தருகிறார்கள் என்று நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாண வீட்டில் சொன்னார்கள். பலகாரம் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். அடுக்களை காணலுக்கும் (கல்யாணம் முடிந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற சடங்கு) கர்ப்பிணிக்கு ஏழாம் மாதத்துக்கும் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம் எல்லாம் பாறசாலையில் என் வீட்டு அடுப்பில்தான் வேகும். நம் பலகாரத்தைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு யாராவது கொடுக்கிறார்கள் என்றால், அதைத் தின்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

அம்மையையும் கூட்டிக்கொண்டேன். அம்மை பிறந்தது கொல்லங்கோட்டில். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அந்த ஊர் இருந்த விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு போனபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அம்மை வீடு அந்தப் பக்கம், அப்பா வீடு இந்தப் பக்கம். இரண்டு வீட்டு அடுப்பிலும் ஏறின பலகாரம் ஒன்றுதான். எழுபத்தெட்டு வயதிலும் பாகுப் பதத்தை விரலால் தொட்டுச் சொல்லுகிறவள் அம்மை. என் வீட்டுக்காரரும் தம்பி மகளும் சேர்த்து நாலு பேர். மாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரைக்குக் கிளம்பினோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பூவாறு நெருங்கும்போது பைக்கில் வந்து காரை ஓரம் கட்டச் சொல்லி, "போட்டிங்கா? வாங்க, வழி காட்டுறேன்" என்று முன்னால் ஓட்டிப் போகிறவர்கள் உண்டு. நாங்கள் அவசரத்தில் ஒருவர் பின்னால் போய்விட்டோம். கொண்டுபோய் விட்டது ஒரு பெரிய படகுத்துறையில். நாலு பேருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு 6,000 ரூபாய் என்றார்கள். பலகாரத்தைக் கேட்டால் பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினார்கள். திரும்பி வந்துவிட்டோம். நீங்கள் போவதானால் யார் பின்னாலும் போகாதீர்கள். பொழியூர் சாலையில் கடவுப் பக்கம் டீக்கடைகளில் 'பலகாரம் தருகிற வள்ளக்காரர் வீடு' என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். சொல்லாமல் போனால் படகு கிடைக்கும், பலகாரம் கிடைக்காது. அன்றன்று செய்வதால் அப்படி.

எங்களிடம் வாங்கினது படகுக்கு 2,800, பலகாரத்துக்கு ஆளுக்கு 150. மொத்தம் 3,400.

படகு ஓட்டுகிற பையனுக்கு முப்பது வயது இருக்கும். தாய்மொழி மலையாளம், ஆனால் பொழியூர்க்காரர் ஆனதால் தமிழ் நன்றாகவே வருகிறது. அவருடைய அம்மையும் அக்காவும்தான் பலகாரம் செய்கிறவர்கள். ஏறுவதற்கு முன்னால் வீட்டு முற்றத்தில் ஆளுக்கு ஒரு சிரட்டை அக்கானி கொடுத்தார்கள். பதநீர் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்லுவது எங்களுக்கு அக்கானி. பானையில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால்தான் அது அக்கானி, தடவாவிட்டால் பொழுது ஏற ஏறப் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு கூடினால் நாக்கு காறும், குறைந்தால் புளிப்பு எட்டிப் பார்க்கும். அன்றைக்குக் குடித்தது சரியான அளவு. அம்மை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது இண்ணைக்கு இறக்கினது மக்களே" என்றாள். அதற்கு மேல் ஒரு சான்று எனக்கு வேண்டாம். ஏழரை மணிக்கு அக்கானி குடிக்க வேண்டும் என்பதற்காகவே காலைப் படகு பிடியுங்கள். மத்தியானம் போனால் இது இருக்காது.

படகு சின்னது, எட்டுப் பேர் உட்காரலாம், மேலே தார்ப்பாய்க் கூரை. ஏறினதும் லைஃப் ஜாக்கெட் கேட்டேன். பையன் பெரியவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார், பிள்ளைக்கு ஏற்ற அளவு இல்லை. பெரியதையே மாட்டி வாரைக் குறுக்கே இறுக்கிக் கட்டினார்கள். இந்த ஒன்றை அவர்கள் உடனே சரி செய்ய வேண்டும். 2023 மே 7-ஆம் தேதி தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், அதில் பிள்ளைகள் எத்தனை பேர். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் சின்ன அளவு ஜாக்கெட் உண்டா என்று முந்தின நாள் போன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் நீங்களே ஒன்று கொண்டுபோங்கள். நான் இறங்கும்போது அந்த அக்காவிடம் நேராகவே சொன்னேன், வாங்கி வைப்பதாகச் சொன்னார்.

முதல் அரை மணி நேரம் குறுகலான தோடுகளுக்குள் (வாய்க்கால்களுக்குள்) போகிறது. இரண்டு பக்கமும் தென்னை, தாழை, தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிற கண்டல் மரங்கள். மீன்கொத்தி ஒன்று எங்களுக்கு முன்னாலேயே கொம்பு கொம்பாகத் தாவிக்கொண்டு வந்தது. நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப் போட்டு உட்கார்ந்திருந்தது. தம்பி மகள் எண்ணிக்கொண்டே வந்தாள், பதினேழோடு நிறுத்திவிட்டாள். பெரிய துறைகளில் இருந்து வருகிற படகுகள் இதே வழியில் அலையடிக்க விரைகின்றன. எங்கள் பையன் மெதுவாகத்தான் ஓட்டினார். கண்டல் கூடாரம் போலக் கவிந்த ஒரு வளைவில் எஞ்சினை நிறுத்திவிட்டு, துடுப்பால் ஓரம் சேர்த்து, கயிற்றைக் கொம்பில் சுற்றினார். பிறகு தூக்குவாளியைத் திறந்தார்.

இந்த இடத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்லுவேன். எஞ்சின் ஓடினால் டீசல் மணம்தான் மூக்கில் நிற்கும், ஏலக்காய் தெரியாது. நிறுத்தின பிறகு தண்ணீர் படகை நக்குகிற சத்தம் மட்டும். வாழையிலைத் துண்டில் முதலில் வைத்தது தெரளி.

தெரளியைத் தெரியாதவர்களுக்கு: அரிசி மாவு, சர்க்கரை (நாங்கள் வெல்லத்தைத்தான் சர்க்கரை என்போம்), தேங்காய்ப் பூ, பாளையங்கோடன் வாழைப்பழம், சீரகம், ஏலக்காய் எல்லாம் பிசைந்து, வயணை இலையைக் கும்பிளாகச் சுருட்டி அதற்குள் அடைத்து, ஈர்க்கு குத்தி ஆவியில் வேக வைப்பது. ஆற்றுக்கால் பொங்காலைக்குப் போகிற பெண்கள் பொங்கலோடு இதையும் வைப்பார்கள். இலையில்தான் இதன் உயிர். பட்டையும் கிராம்பும் சேர்ந்தது போல ஒரு மணம், அது மாவுக்குள் இறங்கி இருக்கும். இலை இல்லாமல் செய்தால் வெறும் கொழுக்கட்டை. இவர்கள் கொடுத்ததில் இலையை உரிக்கும்போதே மணம் முன்னால் வந்தது. பழம் அளவாக இருந்ததால் மாவு பிசுபிசுப்பு இல்லாமல் பிட்டுக்கொண்டு வந்தது. சர்க்கரை இன்னும் ஒரு பிடி குறைத்திருக்கலாம். தம்பி மகள் இரண்டு தின்றாள், மூன்றாவதை என்னுடையதில் இருந்து எடுத்தாள்.

அடுத்தது முந்திரிக்கொத்து. பையன் இலையில் வைத்துக்கொண்டே, "இதில் முந்திரிப் பருப்பு சேர்க்கும், அதான் இந்தப் பெயர்" என்று விளக்கம் சொன்னார். வெளியூர்க்காரர்களுக்கு இப்படித்தான் சொல்லி வருகிறாராம். தப்பு. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. மூன்று உருண்டை ஒட்டி நிற்கிறது திராட்சைக் கொத்து போல இருப்பதால் முந்திரிக்கொத்து. நாம் முந்திரிப் பருப்பு என்கிறதை இந்த ஊரில் அண்டிப்பருப்பு என்றுதான் சொல்லுவார்கள், அது இந்தப் பலகாரத்தில் ஒரு துண்டுகூட இல்லை. அம்மை அவரை விடவில்லை. "மக்களே, ஒனக்க அம்மைகிட்ட கேளு, சிறுபயறு எத்தன நாழி போட்டாண்ணு" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே சரி என்று ஏற்றுக்கொண்டார். மலையாளம் தாய்மொழியாக இருந்தும் அந்தப் பெயரை அவர் அப்படி யோசித்ததே இல்லை போலிருக்கிறது. இந்த விளக்கத்தை இனி சரியாகச் சொல்லுவார் என்று நம்புகிறேன்.

பலகாரம் மட்டும் விளக்கத்தைப் போல இல்லை, அவ்வளவு சரியாக இருந்தது. சிறுபயறைப் பொன்னிறமாக வறுத்துத் தோல் போகப் புடைத்து, ரவைப் பதத்தில் திரிக்க வேண்டும். நைஸாக அரைத்துவிட்டால் தின்னும்போது மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். தேங்காயைச் சிவக்க வறுக்க வேண்டும், ஈரம் இருந்தால் நாலாம் நாள் காறல் வரும். கருப்பெள், சுக்கு, ஏலக்காய். அப்புறம் பாகு. அதுதான் இந்தப் பலகாரத்தின் தலையெழுத்து. பாகு இளகினால் உருண்டை மாவில் முக்கும்போதே உடைந்து எண்ணெயைக் கெடுக்கும். முற்றினால் மறுநாள் கல். நான் இருபத்து மூன்று வருடமாகப் போடுகிறேன், இன்னமும் மழை நாளில் பாகு என் கையை மீறும். இவர்களுடையதைப் பிட்டேன், உள்ளே பொலபொலவென்று உதிர்ந்தது, ஆனால் சிந்தவில்லை. மேல்தோல் அரிசிமாவும் மஞ்சளும், காகிதம் போல மெல்லிசு. பொரித்தது தேங்காய் எண்ணெயில். கருப்பட்டிப் பாகு ஊற்றியிருக்கிறார்கள், வெறும் வெல்லம் அல்ல. கருப்பட்டியின் அந்தப் புகை மணம் தொண்டையில் கடைசியாகத் தெரியும். அம்மை ஒரு உருண்டையைத் தின்று முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதுக்கு ஒரு கொறையும் இல்ல" என்றாள். என்னுடையதைத் தின்று அவள் இந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கயிற்றை அவிழ்த்துப் படகு ஆற்றின் அகலத்துக்குள் வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. இதுதான் நெய்யாறு. அகத்தியமலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடி இங்கே வந்து சேருகிறது. அம்மை தம்பி மகளிடம் அருவிப்புறத்தைப் பற்றிச் சொன்னாள். 1888-இல் நாராயண குரு இந்த ஆற்றில் முங்கிக் கல் எடுத்து, அங்கே சிவனாகப் பிரதிஷ்டை செய்தார் என்று. "இந்தத் தண்ணியா?" என்று அவள் கையை விட்டு அளைந்தாள். பையன் தன் பங்குக்கு ஊர்ப் பெயரைச் சொன்னார். ஆற்றில் பூக்கள் மிதந்து வந்ததைப் பார்த்துத் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா வைத்த பெயர் பூவாறு என்பது இந்தப் பக்கத்துக் கதை.

ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்தில் இறக்கிவிட்டார்கள். ஒரு பக்கம் அசையாத ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் மணல் திட்டு. மழை இல்லாத மாதம் ஆகையால் பொழி அடைந்து கிடந்தது. யாரும் கடல் பக்கம் கால் நனைக்க வேண்டாம் என்று பையன் உறுதியாகச் சொன்னார், பிள்ளையின் கையை அவரே பிடித்துக்கொண்டார். அந்தக் கடலின் இழுப்பு அவருக்குத் தெரியும். 2017 ஒக்கி புயலில் இந்தக் கரையில் இருந்து போனவர்களில் திரும்பாதவர்கள் அவர் தெருவிலும் உண்டாம். தெற்கே கையைக் காட்டி, "அந்தப் பக்கம் நீரோடி, அது உங்க தமிழ்நாடு" என்றார். அம்மை அந்தத் திசையைப் பார்த்தபடியே நின்றாள். அவள் தாத்தா ஏ.வி.எம். கால்வாயில் வள்ளத்தில் கருப்பட்டியும் தும்பும் ஏற்றிக்கொண்டு பூவாறு வரை வந்து போனவர். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்பது முழுப் பெயர். உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில், 1860-இல், திருவனந்தபுரத்தில் இருந்து கன்னியாகுமரி வரை நீர்வழி அமைக்க வேண்டும் என்று தொடங்கினது. முழுவதும் முடியவில்லை. வெட்டின பகுதியும் இப்போது பல இடங்களில் தூர்ந்து, குப்பை நிறைந்து கிடக்கிறது. அந்தக் கால்வாய் உயிரோடு இருந்தால் நாங்கள் கொல்லங்கோட்டுப் பக்கத்தில் இருந்தே வள்ளத்தில் வந்திருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

மணல் திட்டில் நின்றபடி சர்க்கரை வரட்டி கொடுத்தார்கள். ஏத்தங்காயை (நேந்திரங்காய்) கனமாக வெட்டிப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டி, சுக்குப்பொடி தூவினது. நன்றாகவே இருந்தது, விசேஷமாக ஒன்றும் சொல்ல இல்லை. காற்றில் மணல் பறந்து இலையில் விழுந்தது. இதைப் படகிலேயே தரலாம்.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது, பெரிய படகுகளின் கூட்டமும் ஏறிவிட்டது. இந்தக் கால் மணி நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டுச் சத்தம், புகை, மிதக்கிற பிளாஸ்டிக் பாட்டில்கள். எங்கள் பையன் ஒரு வலைக்கம்பால் இரண்டு பாட்டில்களைத் தூக்கிப் படகுக்குள் போட்டுக்கொண்டார். இவர்கள் படகில் பிளாஸ்டிக் தட்டோ தம்ளரோ இல்லை, எல்லாம் இலையும் சிரட்டையும்தான். அதை நான் குறித்துக்கொண்டேன்.

வீட்டில் கடைசிப் பந்தி. அடுப்பில் உருளி, அந்த அக்கா வியர்த்து ஒழுகக் கிண்டிக்கொண்டிருந்தார். சக்கை வரட்டி. சக்கை என்றால் எங்களுக்குப் பலாப்பழம். வருக்கைச் சுளையை வேக வைத்து மசித்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு, அடிப்பிடிக்காமல் மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும். கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்தால் பதம். கேரளம் 2018-இல் சக்கையை மாநிலப் பழமாக அறிவித்தது, தமிழ்நாட்டுக்கும் மாநிலப் பழம் அதுதான். எனக்கு அதைவிட நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் நிற்கிற அம்மச்சிப் பிலாவுதான் (பலா மரம்) நினைவுக்கு வந்தது. மார்த்தாண்ட வர்மாவை எதிரிகள் துரத்தினபோது அந்தப் பிலாவின் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்பார்கள். பிலாவைக் கும்பிடுகிற தாலுகா இது. சூட்டோடு ஒரு கரண்டி சக்கை வரட்டி இலையில் விழுந்தபோது, முந்திரிக்கொத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். சக்கையின் மணமும் நெய்யும் தனித்தனியாகத் தெரிந்தன, இனிப்பு முன்னால் வந்து நிற்கவில்லை.

போளிதான் ஏமாற்றம். திருவனந்தபுரம் பக்கத்துச் சத்யையில் (இலை விருந்தில்) போளியின் மேல் பால்பாயசம் ஊற்றிப் பிசைந்து தின்பது ஒரு தனி சுகம். அதை நினைத்து ஆசையாக உட்கார்ந்தேன். வந்தது பேக்கரியில் வாங்கின போளி. ஓரம் காய்ந்திருந்தது, மஞ்சள் நிறம் கண்ணைக் குத்தியது, பூரணம் பெயருக்கு. பாயசம் வீட்டில் காய்ச்சினது, அது நன்றாகவே இருந்தது, ஆனால் அந்தப் போளியை அதனால் காப்பாற்ற முடியவில்லை. மற்ற எல்லாவற்றையும் சொந்தக் கையால் செய்துவிட்டு இதை மட்டும் ஏன் வெளியில் வாங்குகிறீர்கள் என்று அந்த அக்காவிடம் கேட்டேன். போளி தட்டுவதற்கு எங்களுக்குக் கை வராது, மாவு கிழிந்து பூரணம் வெளியே வந்துவிடுகிறது என்றார். அப்படியானால் போளியை எடுத்துவிட்டுப் பாயசத்தை மட்டும் கொடுங்கள் என்றேன். அம்மைக்கு அந்தப் பதில் போதவில்லை. அங்கேயே அடுக்களைக்குள் போய், மைதாவை எண்ணெயில் எத்தனை மணி நேரம் ஊற வைக்க வேண்டும், கடலைப்பருப்பை எந்த அளவு வேக வைத்து நீரை வடிக்க வேண்டும் என்று அரை மணி நேரம் நின்று சொல்லிக்கொடுத்தாள். பாஷை பாதி தமிழ், பாதி மலையாளம். இரண்டு பேருக்கும் ஒரு இடத்திலும் தடங்கல் வரவில்லை.

கிளம்பும்போது ஒரு கிலோ முந்திரிக்கொத்தும் ஒரு டப்பா சக்கை வரட்டியும் வாங்கினேன். முந்திரிக்கொத்தை வேண்டுமென்றே பன்னிரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். காறல் இல்லை, மொறுமொறுப்பு மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. நல்ல கைதான்.

போகிறவர்களுக்கு: மாசி, பங்குனி, சித்திரை நல்ல காலம், அக்கானியும் சக்கையும் ஒன்றாகக் கிடைக்கும். கொல்லங்கோட்டுக் கோயில் தூக்கத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் மறுநாள் காலை இங்கே வந்துவிட்டுப் போகலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் பலகாரத்துக்குப் பதில் கப்பைக்கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் தருவார்கள், என் வீட்டுக்காரருக்கு அதுதான் கொடுத்தார்கள். ரொம்பக் காரம், ரொம்ப ருசி என்றார். மழை தொடங்கிப் பொழி முறிந்துவிட்டால் முகத்துவாரத்தில் இறக்கமாட்டார்கள், தோடுகளுக்குள் மட்டும்தான் சவாரி. அப்போது படகுக் கூலியில் 500 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார்கள். முந்திரிக்கொத்து எல்லா மாதமும் உண்டு.